விலைப்புள்ளியில் விடுபட்ட தொழிலாளி

திருச்சியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைகளில் உயர் அழுத்தக் கொதிகலன் குழாய்களை இணைக்கும் வெல்டர் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. இணைப்பை முடித்த கையோடு அந்த எண்ணை அதன் பக்கத்திலேயே பதிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனையளவு துளை தெரிந்தாலும் யார் கைவேலை என்று விசாரணை நடத்தத் தேவையில்லை, இரும்பே சொல்லிவிடும். இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி செய்முறைத் தேர்வில் தேறிச் சான்று பெற்றவர்தான் இந்த வேலையைத் தொடலாம். பாரத மிகுமின் நிறுவனமான பெல் 1960களில் இங்கே ஆலை தொடங்கியதிலிருந்து, இரண்டு மூன்று தலைமுறைத் தொழிலாளர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். இன்றைக்கு ‘ஸ்மார்ட் உற்பத்தி’ என்ற பெயரில் விற்கப்படும் மென்பொருள்கள் தரும் முதல் வாக்குறுதியும் இதுதான்: ஒரு பாகம் எந்த உலோகக் கட்டியிலிருந்து வந்தது, எந்த இயந்திரத்தில் கடையப்பட்டது, யார் செய்தார், எந்தக் கருவியால் அளந்தார் என்பதை நொடியில் திரையில் காட்டுவது. ரோபோ கையும் முப்பரிமாண அச்சும் பத்திரிகைப் படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் பீரங்கிக்கும் ஏவுகணைக்கும் பாகம் செய்கிற தொழிலுக்கு உயிர்நாடி, அந்த எண்ணைப் பதிக்கிற ஒழுக்கம். இயந்திரம் வாங்கினால் அது கூடவே வந்துவிடாது.

2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்குப் போனது, மற்றொன்று நமக்கு வந்தது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டு வழித்தடத்துக்குச் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என ஐந்து முனைகள். மாநில அரசின் 2022ஆம் ஆண்டு வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை 10 ஆண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 1 லட்சம் வேலைவாய்ப்பையும் இலக்காக வைத்தது. நாடு முழுவதும் பார்த்தால், 2023-24இல் ஏறத்தாழ 1.27 லட்சம் கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்பு உற்பத்தி அடுத்த ஆண்டே 1.5 லட்சம் கோடியைத் தொட்டது. 2029க்குள் அதை 3 லட்சம் கோடியாக்க வேண்டும் என்பது தில்லியின் கணக்கு. முதலீடு எங்கிருந்து வரும், நிலம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்க ஆளிருக்கிறது. அந்த ஒரு லட்சம் பேரைத் தேற்றி எடுக்கும் செலவு யார் தலையில் விழும் என்று கேட்பவர்தான் குறைவு. பயிற்சிக் கூடங்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பேன். ஆனால் பயிற்சியின் செலவு தளவாடத்தின் விலைக்குள் எங்கும் இல்லை. இந்த வழித்தடத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

அரசு கைகட்டி உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டத்தை மாநில அரசு கையில் எடுத்தது. ஃபிட்டர், டர்னர் என்ற பழைய பிரிவுகளோடு, தொழிற்சாலை ரோபோக்கள், மேம்பட்ட சிஎன்சி கடைசல், உற்பத்திக் கட்டுப்பாடும் தானியக்கமும் என்று புதிய பிரிவுகள் வந்தன. சென்னை டைடல் பூங்காவில் சீமென்ஸ் துணையோடு டான்சாம், டசால்ட் சிஸ்டம்ஸ் துணையோடு டான்காம் என்ற மையங்கள் இயங்குகின்றன. கல்லூரி மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் 1,000 ஐடிஐக்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் அமையும் ஐந்து தேசியச் சிறப்பு மையங்களில் ஒன்று சென்னைக்கு. இவை அனைத்தும் தேவையானவை. ஆனால் பெரும்பாலும் இனிமேல் வேலைக்கு வரப்போகிறவரைக் குறிவைத்தவை. ஏற்கெனவே ஷிஃப்டில் நின்றுகொண்டிருப்பவரை எட்டும் திட்டம் இவற்றில் எவ்வளவு இருக்கிறது?

அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஆவடி கனரக வாகன ஆலைக்கோ, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைக்கோ, விமானம் கட்டும் பெங்களூரு எச்ஏஎல்லுக்கோ போகும் பாகங்களில் பல அந்த ஆலைகளுக்குள் பிறப்பதில்லை. கோவையின் பட்டறைகளிலும் ஓசூர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைகளிலும், 15 பேரோ 30 பேரோ வேலை செய்யும் கூடங்களில் ஜாப் ஒர்க்காகப் பிறக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் இயந்திரத்தை அமைத்து, டூல் மாற்றி, முதல் பாகத்தைச் சரியாக எடுத்துத் தருகிற செட்டர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவரை ஆறு வாரம் பயிற்சிக்கு அனுப்பினால் ஆறு வாரமும் இயந்திரம் படுத்துவிடும். வங்கிக் கடனின் தவணை மட்டும் படுக்காது. திரும்பி வந்தவர் இரண்டாம் மாதமே கூடுதல் சம்பளத்துக்கு ஓசூருக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால் முதலாளிக்கு மிஞ்சுவது சான்றிதழின் நகல். போகிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கற்ற வேலைக்கு நல்ல விலை தருபவரிடம் போவது நியாயம். கற்றுக்கொடுத்தவருக்கு விலை கிடைக்காததுதான் அநியாயம்.

அது ஏன் கிடைப்பதில்லை? எல்-1 என்ற இரண்டெழுத்து விதியால். தகுதிபெற்ற விலைப்புள்ளிகளில் எது குறைவோ அதற்கே ஆர்டர். இரண்டு பட்டறைகள் ஒரே டிராயிங்குக்கு விலை சொல்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தன் ஆட்களுக்கு அளவியலும் ஆவணப் பழக்கமும் கற்றுத்தர ஆண்டு முழுவதும் செலவழிக்கிறது. மற்றது, பக்கத்துப் பட்டறை தேற்றிய ஆளைச் சற்றுக் கூடுதல் கூலிக்கு இழுத்துக்கொள்கிறது. முதலாவது தன் பயிற்சிச் செலவை விலையில் ஏற்றினால் ஆர்டர் போச்சு. ஏற்றாவிட்டால் லாபம் போச்சு. இரண்டாவதே வெல்லும்படி விதியைப் போட்டுவிட்டு, குறுந்தொழில் முனைவோருக்குப் பயிற்சியில் அக்கறை இல்லை என்று கருத்தரங்குகளில் வருத்தப்படுகிறோம். தர மேலாண்மைக்கு ஏஎஸ் 9100 சான்று இருக்கிறதா என்று டெண்டர் கேட்கும். அந்தச் சான்றை உயிரோடு வைத்திருக்கும் ஆளுக்கு என்ன செலவாகிறது என்று கேட்காது. சான்று சுவரில் தொங்கும், அதற்கான ஆவணங்களை எழுதிப் பராமரித்த தர ஆய்வாளர் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

முன்பு இப்படி இல்லை. ஆவடியிலும் திருச்சியிலும் அரசுத் தளவாட ஆலைகள் தங்களுக்கென்று தொழிற்பழகுநர் பள்ளிகளை நடத்தின. பெல் வளாகத்தில் 1970களில் உருவான வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வெளியாருக்கும் கற்றுத்தந்தது. கோவையில் 1926இல் தொடங்கிய பிஎஸ்ஜி தொழிற்கூடம், பாடத்தையும் விற்பனைக்கான மோட்டார், பம்ப் உற்பத்தியையும் ஒரே வளாகத்தில் வைத்தது. இவற்றின் செலவு எங்கே போனது? பீரங்கி வண்டியின் விலையிலும் கொதிகலனின் விலையிலும் பம்பின் விலையிலும் கரைந்தது. வாங்குபவருக்குத் தெரியாமலே அவர் பயிற்சிக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். 2021 அக்டோபரில் தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாயின. ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம் அவற்றில் ஒன்று. வெளியிலிருந்து பாகம் வாங்குவது அதற்கு முன்பே பெருகி வந்தது, லாப நட்டக் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களுக்கு அது இன்னும் இயல்பானது. அதில் தவறு இல்லை. ஆனால் வேலை வெளியே போனபோது பயிற்சிப் பள்ளி கூடவே போகவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் என்று எண்ணிக்கொண்டோம். அது கோவைப் பட்டறையின் ரிஜெக்‌ஷன் தொட்டியில் வேறு உருவத்தில் கிடக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஸ்மார்ட் உற்பத்தியின் நோக்கமே ஆளைக் குறைப்பதுதானே, இயந்திரமே தன்னைத் திருத்திக்கொள்ளும் காலத்தில் இவ்வளவு பேரைப் பயிற்றுவிப்பானேன் என்று. கார் ஆலைக்கு இது ஓரளவு பொருந்தும். தளவாடத்துக்குப் பொருந்தாது, காரணம் எண்ணிக்கை. 2021 செப்டம்பரில் ஆவடிக்குக் கிடைத்த அர்ஜுன் எம்கே-1ஏ பீரங்கி வண்டி ஆர்டர் 7,523 கோடி ரூபாய் மதிப்புடையது. வண்டிகளின் எண்ணிக்கை 118. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பெரிய கார் ஆலை ஒன்றில் சில மணி நேரத்தில் வெளிவரும் எண்ணிக்கை அது. 118 தொகுதி பாகத்துக்காக யாரும் ரோபோ வரிசை நிறுவ மாட்டார்கள். இன்று ஒரு பாகம் 40, அடுத்த வாரம் வேறொன்று 25 என்று மாறி மாறி வரும் வேலையில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸரை அமைப்பவரும் முதல் பாகத்தை அளந்து ஒப்புக்கொள்பவரும் மனிதர்களே.

இயந்திரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டைட்டானியத்தைக் கடையும்போது வெப்பம் உலோகத்தின் வழியே எளிதில் வெளியேறாது. வெட்டும் முனையிலேயே தேங்கும். முனை தேயத் தேய அளவு மைக்ரான் கணக்கில் நகரும். பழைய முறையில் ஆபரேட்டர் பத்துக்கு ஒன்றை மைக்ரோமீட்டரில் அளந்து ஆஃப்செட்டை மாற்றுவார். புதிய இயந்திரத்தில் உள்ளேயே இருக்கும் ப்ரோப் அளந்து, தானே ஆஃப்செட்டை மாற்றும். சரி, ஆனால் அளவு நகர்ந்தது முனைத் தேய்மானத்தாலா, ஃபிக்ஸர் தளர்ந்ததாலா, குளிர்விப்பு நீர் குறைந்ததாலா, மதிய வெயிலில் இயந்திரமே விரிந்ததாலா, ப்ரோப்பே தவறிக் காட்டுகிறதா? தளர்ந்த ஃபிக்ஸரைத் தேய்ந்த முனை என்று எண்ணிக்கொண்டு இயந்திரம் திருத்தத் தொடங்கினால் தவறு மறைந்திருக்கும். கடைசி ஆய்வில் ஒரு லாட் முழுதும் விழும்போதுதான் வெளிவரும். திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து ‘இது முனை இல்லை, வேறெங்கோ கோளாறு’ என்று நிறுத்தத் தெரிந்தவரே ஸ்மார்ட் ஆலையின் தொழிலாளி. அவருக்கு லேத்தும் தெரிய வேண்டும், புள்ளிவிவரமும் தெரிய வேண்டும். மூன்று நாள் மென்பொருள் வகுப்பில் இது வராது. கையால் கடைந்து கெடுத்துக் கற்றவருக்கே திரையின் கோடு பேசும் என்பது என் கணிப்பு. அதனால் புதிய பிரிவுகளின் மோகத்தில் பழைய ஃபிட்டர் பிரிவை ஐடிஐக்கள் ஒதுக்கிவிடக் கூடாது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கடற்படை, கொலம்பியா ரக அணு நீர்மூழ்கியையும் வர்ஜீனியா ரகத்தையும் ஒரே காலத்தில் கட்ட வேண்டிய நிலையில், ஆட்கள் இல்லாமல் தடுமாறியது. புகையிலைக்கும் நெசவாலைக்கும் பெயர்பெற்றிருந்து நொடித்துப்போன டான்வில் என்ற வர்ஜீனிய ஊரில் ஒரு விரைவுப் பயிற்சித் திட்டத்தை 2021இல் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். 16 வாரம். சிஎன்சி கடைசல், வெல்டிங், உலோக முப்பரிமாண அச்சு, அளவியல், சிதைக்காமல் சோதிக்கும் முறை என ஐந்து பாடம். ஐந்தில் இரண்டு பாடங்கள் செய்வதைப் பற்றியன அல்ல, செய்ததைச் சோதிப்பதைப் பற்றியவை. நம் ஐடிஐக்களில் இந்த விகிதம் கிடையாது. கல்விக் கட்டணம் இல்லை, தங்குமிடமும் உண்டு. செலவைப் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்டது. நீர்மூழ்கி வேண்டும் என்பவர் அதைக் கட்டும் கைக்கும் பணம் கொடுக்கிறார் என்ற அளவில் கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் அதே கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் முதல் ஆண்டிலேயே கப்பல் தளங்களை விட்டுப் போகிறார்கள் என்று கடற்படை அதிகாரிகளே குறைபட்டுக்கொண்டார்கள். உணவகத்திலும் கிடங்கிலும் கிடைக்கும் கூலிக்கும் தளத்தில் கிடைக்கும் கூலிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, குளிரிலும் புகையிலும் குனிந்து நின்று பற்றவைக்க யார் இருப்பார்? வாங்குபவர் பயிற்சிக்குப் பணம் தந்தால் மட்டும் போதாது, தேறியவரைத் தக்கவைக்கும் கூலிக்கும் விலையில் இடம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பெரிய நிறுவனங்களிடம் ஒரு தீர்வை வசூலித்து, அதில் பயிற்சி நடத்தினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பிரிட்டன் 2017இல் அதைச் செய்தது: ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் தரும் நிறுவனங்கள், அதில் அரை சதவீதம் கட்ட வேண்டும். கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்கும் வசதி பெரிய நிறுவனங்களிடமே இருந்ததால், கணிசமான தொகை ஏற்கெனவே வேலையில் இருந்த மேலாளர்களின் உயர்படிப்புக்குப் போனது. தொழிற்பழகுநர் சேர்க்கை கூடாமல் குறைந்தது. பணம் எந்தக் கையில் நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்காத எந்தத் திட்டத்துக்கும் இந்தக் கதிதான். நம் வழித்தடத்தில் பணம் மூன்றாம் அடுக்குப் பட்டறைவரை இறங்க வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே இறங்குகிற ஒரே தாள் கொள்முதல் ஆணை. பயிற்சியும் அதே தாளில் ஏறிப் போவதுதான் நேர்வழி.

நடைமுறையில் இதற்குப் பெரிய சட்டம் தேவைப்படாது. ஆர்டரின் மதிப்பில் ஒரு சிறு விழுக்காட்டைப் பயிற்சித் தொகை என்று தனியே காட்டி, எல்-1 ஒப்பீட்டிலிருந்து அதை விலக்கிவிடலாம். அப்போது பயிற்றுவிப்பவர் தோற்கமாட்டார். தொகையைச் சான்றிதழ் எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், முதல் பாக ஆய்வில் தேறிய விகிதத்துக்கும் ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் கொடுக்க வேண்டும். பயிற்சி பட்டறைக்கு வர வேண்டுமே தவிர செட்டர் டைடல் பூங்காவுக்குப் போகக் கூடாது. ஆவடியிலிருந்தும் பெல்லிலிருந்தும் ஓய்வுபெற்ற மூத்த தொழில்நுட்பர்கள் இந்த ஐந்து முனைகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் பத்துப் பட்டறைகளுக்குச் சுற்றி வந்தால் போதும். இன்னொன்றையும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். கோவை, ஓசூர் பட்டறைகளில் இன்று இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். இயந்திரத்தின் திரை ஆங்கிலத்தில், மேற்பார்வையாளர் தமிழில், கற்றுக்கொள்ள வேண்டியவர் இந்தியிலோ ஒடியாவிலோ. பயிற்சித் திட்டங்களோ நம் மாநிலத்து மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மண்ணின் மைந்தருக்கே வேலை என்று மேடையில் முழங்கலாம். பாகம் தேறுவதும் விழுவதும் இன்றைக்கு நிற்பவரின் கையில்.

ஸ்மார்ட் என்ற சொல்லோடு வரும் மற்றொரு பொறுப்பையும் பலர் பயிற்சியில் சேர்ப்பதே இல்லை. டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம் ஜாப் ஒர்க் உலகத்தின் அன்றாடப் பழக்கம். பம்ப் மூடிக்கு அது பரவாயில்லை. ஏவுகணைப் பாகத்துக்கு அது பாதுகாப்பு மீறல். இயந்திரங்கள் இணையத்தோடு பிணைக்கப்படும்போது கசிவு இன்னும் எளிதாகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2025 நவம்பரிலிருந்து தன் ஒப்பந்தங்களில் இணையப் பாதுகாப்புச் சான்றைப் படிப்படியாகக் கட்டாயமாக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த ஒப்பந்தங்களின் விநியோகச் சங்கிலியில் இடம்பிடிக்க விரும்பும் பட்டறைகள், தங்கள் கணினிப் பழக்கத்தையும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்களில் பொறியாளர் மட்டுமல்ல, டிராயிங்கைக் கைப்பேசியில் திறந்து பார்க்கும் ஆபரேட்டரும் உண்டு.

கடைசி மறுப்புதான் வலுவானது. ராணுவ ஆர்டர் சீராக வருவதில்லை. ஓராண்டு குவியும், மூன்றாண்டு வறளும். ஆளைத் தேற்றி வைத்துக்கொண்டு என்ன செய்வது? துவாக்குடிப் பட்டறைகள் இதன் வலியை அறிந்தவை. அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் சுருங்கியபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த அந்தப் பட்டறைகள் வரிசையாக முடங்கின. ஆகவே ராணுவத்துக்கு மட்டும் என்று தனிப் பயிற்சி தருவது அறிவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்கத் தெரிந்தவர், பதிவேடு வைக்கத் தெரிந்தவர், எக்ஸ்ரே படத்தைப் படிக்கத் தெரிந்தவர் எந்தத் துறையிலும் வேலையற்று நிற்பதில்லை. விமான பாகம், மருத்துவக் கருவி, மின்வாகனம் மூன்றுமே அதே கையைத் தேடுகின்றன. ஆர்டரின் வறட்சியையும் தில்லி ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடு, உள்நாட்டில் உருவாக்கும் பொருளுக்கு ஐந்தாண்டு வரை ஆர்டர் உறுதி தர வழிசெய்கிறது. உருவாக்கக் கட்டத்தில் தாமதத்துக்கு அபராதம் இல்லை என்கிறது. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட விதி அது. நேரத்தை ஏற்றவர்கள் பணத்தையும் ஏற்க வேண்டும். ஆனால் அந்தக் கையேடு முப்படைகளின் நேரடிக் கொள்முதலைக் கட்டுப்படுத்துவது; ஆவடிக் கவச வாகன நிறுவனமும் எச்ஏஎல்லும் தங்களுக்கென்று தனிக் கொள்முதல் விதிகளை வைத்திருக்கின்றன. கோவைப் பட்டறைக்கு ஆணை வருவது பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான். வழித்தடத்தின் பொறுப்பாளரான மாநில அரசு நிறுவனம் டிட்கோ, அடுத்த முதலீட்டாளர் மாநாட்டுக்கு முன்பாக இவர்களை உட்காரவைத்துப் பேச வேண்டியது, அந்த விதிகளில் பயிற்சித் தொகை என்று ஒரு வரியைச் சேர்ப்பது குறித்துத்தான்.